ஒட்டுவாரொட்டி அன்று!

நோய் இரு வகைப்படும். ஒன்று உடம்பில் வருவது. மற்றொன்று ஊரார் பார்வையில் வருவது. முதல் வகைக்கு மருத்துவர் உண்டு, மருந்து உண்டு. இரண்டாம் வகைக்கு மருந்து நம்மிடந்தான் இருக்கிறது. அதை நாம் தருவதில்லை என்பதே என் வழக்கு.

எங்கள் ஊர் மதுரைக்கு வடக்கே, பெரியாற்றுக் கால்வாய் பாயும் சிற்றூர். தந்தையார் தையல்காரர். அவருக்குச் சொரியாசிஸ். சித்த மருத்துவர்கள் இதைக் காளாஞ்சகப்படை என்பர். தம்பிக்கோ எக்ஸிமா, நாட்டு வழக்கில் கரப்பான். மார்கழிப் பனி இறங்கினால் தந்தையாரின் முழங்கையிலும் முழங்காலிலும் தலையிலும் வெள்ளிச் செதில்கள் படியத் தொடங்கும். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் வேளையில் தம்பிக்கு வியர்வை ஊறி, கை மடிப்பும் கால் மடிப்பும் சிவந்து, இரவெல்லாம் சொறிந்துகொண்டே கிடப்பான். காலை இளவெயில் தந்தையாருக்கு இதம். கோடை வெயிலோ தம்பிக்குப் பகை. மதுரை மண்ணில் இவ்விருவரையும் ஒருங்கே மகிழ்விக்கும் மாதம் ஒன்று உண்டா என்று அம்மா பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கேட்பதுண்டு!

இவ்விரண்டு நோய்களும் ஒன்றல்ல. தோலின் அடியில் பிறக்கும் அணு மேலேறி உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் உள்ளவர்க்கோ மூன்று முதல் ஐந்து நாள்களிலேயே அது மேலே வந்துவிடுகிறது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் தவறாகத் தூண்டப்படுவதே காரணம். உதிர வழியின்றி அணுக்கள் அடுக்கடுக்காய்ச் சேர்வதைத்தான் நாம் செதில் என்கிறோம். எக்ஸிமாவில் தோல் என்னும் மதிற்சுவரே வலுவிழக்கிறது, ஈரம் வெளியேறுகிறது, தூசும் சோப்பும் வியர்வையும் எளிதில் உறுத்துகின்றன. இரண்டிலும் பரம்பரைக்குப் பங்குண்டு. ஆனால் இரண்டிலும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவும் கிருமி இல்லை. தொட்டால் ஒட்டாது, உடன் உண்டால் ஒட்டாது, ஒரே பாயில் படுத்தாலும் ஒட்டாது. இருபத்தைந்து ஆண்டுகளாகத் தந்தையாருடன் வாழும் என் தாயாரின் தோலே இதற்குச் சாட்சி.

பின் ஏன் இந்த அச்சம்? பழங்காலத்தில் இதையும் தொழுநோயையும் ஒன்றாகவே கருதினர். 1841-ஆம் ஆண்டில் வியன்னா மருத்துவர் ஹெப்ரா இரண்டும் வேறு வேறு என்று தெளிவாகப் பிரித்துக் காட்டினார். நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தச் செய்தி எங்கள் ஊர்த் தேநீர்க் கடைக்கு வந்து சேரவில்லை! அங்கே எல்லார்க்கும் கண்ணாடிக் குவளை. தந்தையாருக்கு மட்டும் காகிதக் குவளை. தொழுநோயே இன்று கூட்டு மருந்துகளால் முற்றும் குணமாகிறது. அதை மணமுறிவுக்குரிய காரணங்களின் பட்டியலிலிருந்து 2019-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நீக்கியும் விட்டது. சட்டம் இறங்கி வந்தது. சமூகம் இன்னும் இறங்கவில்லை.

இதை என் தமக்கையின் திருமணப் பேச்சில் கண்டேன். முதலில் வந்த மாப்பிள்ளை வீட்டார் தந்தையாரின் கையைப் பார்த்தனர். பார்த்த பின் பலகாரத்தைத் தொடவில்லை. ஊர் போய்ச் சேர்ந்து பதிலும் சொல்லவில்லை. அடுத்த இடம் வருவதற்கு முந்தைய நாள் அத்தை, “அண்ணே, வர்றவக போற வரைக்கும் நீ பின்கட்டுல இரு” என்றார். தந்தையார் மறுபேச்சின்றித் தலையசைத்தார். அக்காள்தான் வெடித்தாள். “அப்பா முன்னால உக்காரலன்னா நான் காப்பித் தட்டத் தூக்க மாட்டேன்.”

‘ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்’ என்னும் பழமொழியை அத்தை எடுத்துக் காட்டினார். அத்தையின் அச்சம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் மறைத்த நோய் எத்தனை நாள் மறைந்திருக்கும்? மறைப்பவர் களிம்பையும் மறைக்க வேண்டும். மருத்துவமனைக்குப் போவதையும் மறைக்க வேண்டும். அதனால் சிகிச்சை தடைப்படும், மனக்கவலை பெருகும், கவலை பெருகினால் நோயும் பெருகும். பெற்றோர்க்கு இருந்தால் பிள்ளைக்கும் வரக்கூடும் என்பது மெய். வந்தே தீரும் என்பது பொய். மெய்யைச் சொல்லிவிட்டால் பொய்யை மறுக்கும் உரிமை நமக்குக் கிடைக்கிறது. அக்காள் வென்றாள், தந்தையார் முன்னறையில் அமர்ந்தார், கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னார். அந்தச் சம்பந்தமும் கூடவில்லை. ஆயினும் அன்று எங்கள் வீட்டில் எவரும் தலை குனியவில்லை.

அச்சம் இருக்கும் இடத்தில் வணிகமும் இருக்கும். ‘ஒரே மாதத்தில் அடியோடு குணம்’ என்னும் சுவரொட்டிகளை நம்பித் தந்தையார் இழந்த தொகையில் இன்னொரு தையல் எந்திரம் வாங்கியிருக்கலாம். சீட்டில்லாமல் வாங்கிப் பூசிய ஸ்டீராய்டு களிம்பால் தம்பியின் தோல் மெலிந்தது. அத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசு விதியை இறுக்கியது. விதி இருக்கிறது, கேட்டு வாங்கும் நம் கையும் கட்டுப்பட வேண்டும். ‘கரப்பான் பண்டம்’ என்று கத்தரிக்காயையும் கருவாட்டையும் தந்தையார் ஆண்டுக்கணக்கில் ஒதுக்கினார். நாக்குத்தான் வறண்டது, செதில் குறையவில்லை.

பயன் தந்தவை எளியவை. குளித்த ஈரம் காயுமுன் தம்பிக்குத் தேங்காயெண்ணெய். உறுத்தாத பருத்தி ஆடை. நகத்தை ஒட்ட வெட்டுதல். தந்தையாருக்கு மருத்துவர் அளந்து தந்த மருந்து. அவரிடம் சொல்லிவிட்டே பூசும் வெட்பாலைத் தைலம். அவர் விரல் மூட்டுகள் காலையில் விறைத்து, ஊசியில் நூல் கோக்க முடியாமற் போனபோது அதை மூப்பென்றே எண்ணினோம். சொரியாசிஸ் மூட்டுகளையும் தாக்கும் என்பதைப் பெரியாஸ்பத்திரி என்று நாம் அழைக்கும் அரசு இராசாசி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவில்தான் அறிந்தோம். வீட்டில் எவருக்கேனும் இந்நோய் இருந்தால், மூட்டு வலியையும் மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். அடியோடு நீக்கும் மருந்து இன்னும் இல்லை. அடக்கி வைக்கும் மருந்துகள் உண்டு.

2014-ஆம் ஆண்டில் உலக சுகாதாரப் பேரவை, சொரியாசிஸ் நெடுநாள் நோய், தொற்றா நோய் என்று தீர்மானம் இயற்றியது. உலகில் குறைந்தது பத்துக் கோடிப் பேர்க்கு இது உண்டென 2016-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் கணக்குரைத்தது. அப்படியானால் நம் வகுப்பிலும், நம் ஆசிரியர் அறையிலும் முழுக்கைச் சட்டைக்குள் ஒளிந்திருப்போர் இல்லாமலா போவர்?

ஊரைக் குறை கூறிய நான் என்னையும் கூண்டில் ஏற்ற வேண்டும். சென்ற ஆண்டுக் கல்லூரி விழாவிற்கு வர விரும்பிய தந்தையாரிடம், “வேலையைக் கெடுத்துக்கிட்டு எதுக்குப்பா?” என்றேன். காரணம் வேலையன்று. நான் அன்று உடுத்தியிருந்ததோ அவர் தைத்துத் தந்த சட்டை! தேநீர்க் கடைக்காரர் காகிதக் குவளையை நீட்டினார். நான் அதுவும் நீட்டவில்லை.

இந்த ஆண்டு விழாவிற்கு அவரை அழைத்து வருகிறேன். அரைக்கைச் சட்டையிலேயே வருமாறு கேட்டிருக்கிறேன். நண்பர்களே, பேராசிரியப் பெருமக்களே! அவருக்கு உங்கள் இரக்கம் வேண்டா. அவருக்கு அடுத்த நாற்காலியில் அமருங்கள். அவர் கை நீட்டினால் பற்றுங்கள். அது போதும்.