ராலி வரட்டும், கிராம சபையைக் கேட்டுட்டு வரட்டும்



கோவை கார் பந்தயம் என்றாலே செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீடுவேதான் பலருக்கும் ஞாபகம் வரும். அது வேலி போட்ட ஓடுதளம். ராலி அப்படி இல்லை. அதுக்குத் தனி மைதானம் கிடையாது, ஊர்ப் பாதைதான் மைதானம். தேசிய ராலி சாம்பியன்ஷிப்பின் கோவைச் சுற்று, பல்லடம் பக்கம் கேத்தனூர் காற்றாலைகளுக்கு நடுவில் ஓடும் பாதைகளில் நடந்திருக்கிறது. "நம்ம திண்டுக்கல்லுக்கும் வராதா?" என்று இளைஞர் அணித் தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான ஆசைதான்.

ராலியில் கார்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஓடாது. ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டுக் கிளம்பும். கடைசியில் நேரத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். மக்கள் போக்குவரத்தை நிறுத்திவிட்டு வேகமாக ஓட்டுகிற பகுதிக்கு ஸ்பெஷல் ஸ்டேஜ் என்று பெயர். அடுத்த ஸ்டேஜுக்குப் போகும்போது சாதாரண சாலையில், நம்மைப் போலவே சிக்னலுக்கு நின்றுதான் போகணும். பக்கத்து சீட்டில் இருக்கும் கோ-டிரைவர், முன்கூட்டியே மெதுவாகப் போய்ப் பார்த்து எழுதிய குறிப்பை வாசித்துக்கொண்டே வருவார். எந்த வளைவு எவ்வளவு இறுக்கம், எங்கே மேடு, எங்கே கல் என்று எல்லாம் அதில் இருக்கும்.

இந்தச் சோதனைகளுக்கு நம்ம சமவெளியில் பஞ்சமே இல்லை. வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கம் செம்மண் பாதையில் சரளை கிடந்தால் டயருக்குப் பிடி கிடைக்காது, பிரேக் அடித்தால் வழுக்கும். முன்னால் போகிற கார்கள் சரளையை ஒதுக்கிவிடுவதால் பின்னால் வருபவருக்குப் பிடி கூடும். ஆனால் அதற்குள் பாதை பள்ளம் விழுந்து, கல் வெளியே வந்திருக்கும். ஒரு மழை பெய்தால் போதும், காலையில் எழுதிய குறிப்பு மாலையில் உதவாது. கண்மாய்க் கரைத் திருப்பம், தோட்டத்து வேலி மறைக்கும் முனை இதெல்லாம் தனி.

"அப்போ சிறுமலை?" என்பீர்கள். 18 கொண்டை ஊசி வளைவு, யாருக்கும் ஆசை வரும். அங்கே வேண்டாம் என்பதே நம் கருத்து. அது காட்டு வழி. மலை வாழைத்தார் இறங்குகிற பாதை, ஆஸ்பத்திரிக்கு அவசரமாக இறங்குகிற பாதை.

ஆசையோடு நிறுத்திக்கொள்ள முடியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2019 செப்டம்பரில் ராஜஸ்தான் பார்மர் மாவட்டத்தில் நடந்த தேசிய ராலிச் சுற்றில், ஸ்டேஜ் பாதைக்குள் பைக்கில் வந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 3 பேர் கார் மோதி இறந்தார்கள். பாதையை அடைத்துத்தான் வைத்திருந்தோம் என்றது ஏற்பாட்டாளர் தரப்பு. அடைத்தது யாருக்குத் தெரியும்? வயலிலிருந்து ஏறுகிற வண்டித் தடத்துக்கெல்லாம் காவலுக்கு ஆள் நின்றாரா? நாம் கேட்பது அதைத்தான்.

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தூரத்துக்குத் தடுப்பு கட்டி, விளக்கு போட்டு ஃபார்முலா 4 நடத்தினார்கள். தலைநகரத்து உயிருக்குக் கிடைத்த அந்தத் தடுப்பு, குஜிலியம்பாறையில் ஆடு ஓட்டிப் போகிற பெரியம்மாவுக்கும் கிடைக்கணும்.

அதனால் மாவட்ட நிர்வாகம் அனுமதி கொடுப்பதற்கு முன்னால், பாதை போகிற ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம சபையில் வைத்துப் பேசணும். பால் வண்டி நேரம், பள்ளி நேரம் பார்த்துத்தான் பாதையை அடைக்கணும். அடைத்திருக்கும் நேரத்தில் ஊருக்குள் யாருக்காவது நெஞ்சுவலி வந்தால் பந்தயத்தை நிறுத்தி 108-ஐ உள்ளே விட யார் கையில் அதிகாரம் என்று எழுத்தில் இருக்கணும். பந்தயம் முடிந்ததும் பாதை உழுத நிலம் மாதிரி கிடக்கும். அதைச் சரிசெய்ய முன்பணம் கட்டாதவருக்கு அனுமதியே கூடாது. நம்ம ஊர் மெக்கானிக் பையன்களை சர்வீஸ் பார்க்கில் சேர்த்துக்கொள்ளச் சொல்வதும் தப்பில்லை.

தமிழ்நாட்டில் வருஷத்துக்கு 6 கிராம சபை கூடுகிறது. நவம்பர் 1 உள்ளாட்சி தினக் கூட்டத்தில் நம் கிளைத் தோழர்கள் எழுந்து இதைத் தீர்மானமாகக் கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைப் பார்த்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.