பெரிய கேம் வாங்காதீங்க!

காமர்ஸ் படிக்கிறவனுக்கு இன்ஜின்ல என்ன வேலைன்னு கேக்காதீங்க. எனக்கு இது முழுக்க முழுக்க பட்ஜெட் விவகாரமாத்தான் தெரியுது.

எடுத்துக்கிட்ட கேஸ், அமெரிக்காவோட செவர்லே ஸ்மால் பிளாக் வி8. 1955-ல 265 கன அங்குலமா வந்துச்சு, 1967-ல 350 ஆச்சு. பழைய கார், டிரக்கை மறுபடி ஓட வைக்க ஆசைப்படுற அமெரிக்கர்கள் இன்னிக்கும் பிரிச்சு மேயுற இன்ஜின். பிரிச்ச உடனே பலபேர் கண்ணு போறது கேம் ஷாஃப்ட் மேலதான். அதுவும் கேட்டலாக்ல இருக்கறதுலயே முரட்டு கேம். சிக்னல்ல நிக்கும்போது 'தடக்... தடக்'னு வண்டியே ஆடணுமாம். அதுதான் கெத்து!

வால்வு எப்போ திறக்கணும், எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம்னு முடிவு பண்றது கேம். அந்த நேரத்தை கிராங்க் சுத்துற டிகிரியில சொல்றாங்க. இங்கயே முதல் குழப்பம். காம்ப் கேம்ஸ் கம்பெனியோட எக்ஸ்இ268எச் ரொம்பப் பிரபலம். அந்த 268 விளம்பர டிகிரி. அதே இன்டேக் பக்கத்தை லிஃப்டர் 0.050 அங்குலம் எழும்பின இடத்துலேர்ந்து அளந்தா 224 தான். விளம்பர டிகிரியை எங்கேர்ந்து அளக்கறதுங்கறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பிஸ்கட் பாக்கெட்டோட சைஸைப் பாக்காம கிராமைப் பாத்து வாங்கற மாதிரி, 0.050 கணக்கை மட்டும் ஒப்பிடுங்க.

பெரிய கேம்ல இன்டேக் வால்வு லேட்டா மூடும். மெதுவா ஓடும்போது, மேல ஏறுற பிஸ்டன் உள்ள வந்த கலவையில கொஞ்சத்தைத் திருப்பி வெளிய தள்ளிடும். 1971-க்கு அப்புறம் வந்த சாதாரண 350-களில் கம்ப்ரெஷனே 8.5-க்கு 1 அளவுதான். அதுலயும் கசிஞ்சா மிச்சம் என்ன? கீழ் ஆர்.பி.எம்.ல இழுவை போச்சு. வேக்குவம் குறையறதால பவர் பிரேக் கல்லு மாதிரி ஆகும். ஆட்டோமேட்டிக் கியர்னா டார்க் கன்வெர்ட்டரையும் மாத்தணும், பின் ஆக்ஸில் கியரையும் மாத்தணும், வால்வு ஸ்ப்ரிங்கையும் மாத்தணும். கேம் விலை பில்லுல தெரியும், இந்தச் செலவெல்லாம் தெரியாது.

இத்தனைக்கும் ரோட்டுல ஓடுற வண்டி பெரும்பாலும் 1500-லேர்ந்து 3500 ஆர்.பி.எம்.க்குள்ளதான் இருக்கும். 6000-ல வர்ற குதிரைசக்தியை வச்சு கேம் தேர்ந்தெடுக்கறது, தீபாவளி வாரத்து வியாபாரத்தை வச்சு கடைக்கு விலை பேசற மாதிரி. எடெல்பிராக் பெர்ஃபார்மர் மாதிரி 204/214 டிகிரி கேம் போதும்ங்கறது என் கட்சி. பந்தயத்துக்கு மட்டும் கட்டறவங்க கதை வேற, அவங்க இதைப் படிக்கவே வேணாம் :-)

மிச்சமாகற காசை டைமிங் செட்ல போடுங்க. யாரும் பெருமையா காட்டாத சாமான் அது! சத்தம் வராம இருக்க, பல 350-களில் கம்பெனியே அலுமினிய கேம் சக்கரத்துல நைலான் பல்லு வச்சு அனுப்புச்சு. வருஷக்கணக்கா சூடு பட்டு நைலான் பொரிஞ்சு உதிரும். உதிர்ந்தது ஆயில் தொட்டியில விழுந்து பம்ப் உறிஞ்சுற வலையை அடைக்கும். செயின் ஒரு பல்லு தாண்டினா கேம் டைமிங்கே கெட்டுப் போச்சு. இதுக்குப் பதில் இரட்டை வரிசை ரோலர் செயின் போடலாம். பல செட்டுகளில் கிராங்க் சக்கரத்துல மூணு சாவிப் பள்ளம் இருக்கும், கேமை 4 டிகிரி முன்னயோ பின்னயோ தள்ளி வைக்கலாம். செயினுக்குப் பதிலா கியர் டிரைவ் போட்டு 'ஙொய்ங்'னு சத்தம் கேட்டு ரசிக்கறவங்களும் உண்டு. ரசனை, என்ன சொல்ல.

புது ஃபிளாட் டேப்பெட் கேமுக்குப் பழைய லிஃப்டர் கூடவே கூடாது. துத்தநாகம் அதிகமுள்ள ஆயில் ஊத்தி, முதல் ஸ்டார்ட்லயே 2000 ஆர்.பி.எம்.க்கு மேல 20-30 நிமிஷம் ஓட விடணும். உடனே ஸ்டார்ட் ஆகலைன்னா, சும்மா கிராங்க் பண்ணிப் பண்ணியே கேமுல தடவின பசை போயிடும். ஸ்டார்ட் ஆகாததுக்கு அடிக்கடி சொல்ற காரணம் இதுதான்: ரெண்டு சக்கரத்துப் புள்ளியும் நேருக்கு நேர் பாக்கும்போது வெடிக்கத் தயாரா இருக்கறது 6-ஆம் சிலிண்டர். அதை 1-னு நினைச்சு டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டினா சரியா 180 டிகிரி தப்பு. கிராங்க்கை இன்னொரு முழுச் சுத்து சுத்திட்டு மாட்டுங்க.