பிளக்-இன் இன்ஸ்டால் ஆகவில்லையா? அவசரப்படாதீர்கள்!

பழைய படம் ஒன்றைப் பார்க்கலாம் என்று லேப்டாப்பைத் திறக்கிறார் அப்பா. படம் ஓடவில்லை. ‘வீடியோ பார்க்க இந்த பிளக்-இன்னை இன்ஸ்டால் செய்யவும்’ என்று திரையில் ஒரு பெட்டி வருகிறது. அதை அழுத்தினால் பிரவுசர் தடுக்கிறது. ‘ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு மறுபடி முயலவும்’ என்கிறது அதே பக்கம். அதையும் செய்யப் போனவர், எதற்கும் கேட்டுவிடலாம் என்று வெளியூரில் இருக்கும் மகளுக்கு போன் போடுகிறார். “அதை மட்டும் செய்யாதீங்கப்பா. முதல்ல அந்தப் பக்கத்தை மூடுங்க” என்கிறாள் மகள்.

பல வீடுகளில் நடப்பதுதான் இது. மகள் சொன்னதே சரி. ஒரு காலத்தில் வீடியோ பார்க்க ஃப்ளாஷ் பிளேயர் போன்ற பிளக்-இன்கள் தேவைப்பட்டன. 2020 டிசம்பர் 31-ம் தேதியோடு ஃப்ளாஷுக்கு அடோபி நிறுவனமே விடை கொடுத்துவிட்டது. இன்றைய பிரவுசர்களில் வீடியோ பார்க்கத் தனி பிளக்-இன் தேவையில்லை. அப்படிக் கேட்கும் பெட்டியை நம்பாதீர்கள்.

தமிழ் டைப்பிங், விளம்பரத் தடுப்பு போன்றவற்றுக்காக இப்போது சேர்ப்பவை ‘எக்ஸ்டென்ஷன்’கள். அவை இன்ஸ்டால் ஆகாவிட்டால் என்ன செய்வது?

மொபைலில்...

ஆண்ட்ராய்டு போனில் உள்ள குரோம், எக்ஸ்டென்ஷன்களை ஏற்காது. இது உங்கள் போனின் கோளாறு அல்ல. ஆண்ட்ராய்டுக்கான ஃபயர்பாக்ஸில் எக்ஸ்டென்ஷன்களைச் சேர்க்கலாம். ஐபோன் என்றால், சஃபாரிக்கான எக்ஸ்டென்ஷன்கள் ஆப் ஸ்டோரில் கிடைக்கும். இறக்கியபின் செட்டிங்ஸில் சஃபாரி பகுதிக்குப் போய் ஆன் செய்ய வேண்டும். தமிழில் டைப் செய்வதற்கு மட்டும் என்றால் எக்ஸ்டென்ஷனே வேண்டாம். கீபோர்டு செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்தால் போதும்.

கம்ப்யூட்டரில்...

* முதலில் தேதி, நேரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அது தவறினால் பாதுகாப்பான இணைப்பு கிடைக்காமல் டவுன்லோடு தடைப்படலாம்.

* பிரவுசரை அப்டேட் செய்து, மூடித் திறந்து மீண்டும் முயலுங்கள்.

* குரோமில் ‘கெஸ்ட்’ முறையில் எக்ஸ்டென்ஷன் சேர்க்க முடியாது. ‘இன்காக்னிட்டோ’வில் வேலை செய்ய வேண்டுமானால் தனியாக அனுமதி தர வேண்டும்.

* பழைய எக்ஸ்டென்ஷன் திடீரென்று நின்றுபோனதா? பழைய தொழில்நுட்பத்தில் எழுதப்பட்டவற்றை 2024 முதல் குரோம் படிப்படியாக நிறுத்தியது. அதே வேலைக்குப் புதிய ஒன்றைத் தேடுவதே வழி.

* அலுவலக லேப்டாப்பில் நிர்வாகம் தடை போட்டிருக்கலாம். ஐ.டி. பிரிவில் கேளுங்கள்; குறுக்கு வழி வேண்டாம். பிள்ளையின் அக்கவுன்ட் ‘ஃபேமிலி லிங்க்’கில் இருந்தால் பெற்றோரின் அனுமதி தேவைப்படும்.

இதைச் செய்யவே கூடாது!

ஸ்டோரில் கிடைக்கவில்லை என்று, வாட்ஸ்அப்பில் வந்த ஃபைலையோ முன்பின் தெரியாத தளத்தில் உள்ள ஃபைலையோ ‘டெவலப்பர் மோடு’ மூலம் ஏற்றாதீர்கள். இன்ஸ்டால் செய்யும்போது பல எக்ஸ்டென்ஷன்கள், ‘நீங்கள் பார்க்கும் எல்லா இணையதளங்களின் தகவலையும் படிக்க, மாற்ற’ அனுமதி கேட்கும். ‘எல்லா’ என்பதில் உங்கள் பேங்க் பக்கமும் அடக்கம்! ஸ்டோரில் இருப்பதாலேயே எதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவும் வேண்டாம். தயாரித்தவர் யார், என்ன அனுமதி கேட்கிறது என்று படித்துவிட்டே ‘ஓகே’ கொடுங்கள். கால்குலேட்டர் ஒன்றுக்கு உங்கள் மெயிலைப் படிக்கும் அனுமதி எதற்கு?

ஏற்கெனவே ஏதாவது சந்தேகமான ஒன்றைச் சேர்த்துவிட்டீர்களா? குரோமின் மூன்று புள்ளி மெனுவில் எக்ஸ்டென்ஷன்ஸ் பகுதிக்குப் போய் உடனே நீக்குங்கள். ஆன்டிவைரஸ் மூலம் ஒருமுறை முழு ஸ்கேன் செய்யுங்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் பேங்க்குக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் தகவல் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம்.

வீட்டில் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: பிரவுசர் தடுத்தால், அடுத்த பட்டனை அழுத்துவதற்கு முன் ஒரு போன் போடச் சொல்லுங்கள். அந்த போனை எரிச்சல்படாமல் எடுக்க வேண்டியது பிள்ளைகளின் பொறுப்பு!