சிறு வளையத்தின் பெருங்கடமை

சிறு துரும்பும் பல்லுக்குத்த உதவும் என்பர். சிறு றப்பர் வளையம் கண்ணைக் காக்கவும் உதவும் என்போம் நாம்.

வர்ணக்குண்டு விளையாட்டை 1981 ஆம் ஆண்டு யூன் 27 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்திற் பன்னிருவர் முதன்முதல் ஆடினர். மரங்களுக்குக் குறியிட எழுந்த கருவியே அவர்களுக்குத் துவக்காயிற்று.

இக்காலக் கருவிகளுக்குரிய காற்றுப் போத்தலில் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 3,000 இறாத்தலை எட்டுவதுண்டு. அதனைத் தணித்து அளவோடு விடுவது சீராக்கி. அதனுள் இருக்கும் றப்பர் அடைப்புகள் தேய்ந்தால் அமுக்கம் மெல்ல ஏறும். குண்டின் வேகம் செக்கனுக்கு 300 அடி என்னும் வழக்கமான எல்லையைக் கடக்கவுங் கூடும். அப்போது முகமூடியையும் முற்றாக நம்பவொண்ணாது.

ஆதலின் சீராக்கியைத் துப்புரவு செய்யும் முறையை அறிவோமாக. முதலிற் குண்டுகளை அகற்றுக, போத்தலைக் கழற்றுக, ஆளில்லாத் திசையிற் சுட்டு, எஞ்சிய காற்றை வெளியேற்றுக. இதனை மறந்து திருகைத் தளர்த்துவோர் பெருங்காயம் அடைவர். பின்னர் உறுப்புகளைக் கழற்றிய ஒழுங்கிலே வைத்து, மெல்லிய துணியாலே துடைத்தல் வேண்டும். வளையத்தை ஊசியாற் கிண்டினால் அதன் பள்ளம் கீறுபடும், மரக்குச்சியே தக்கது. வெட்டோ தட்டையோ காணின், அதே அளவினதாகிய புதுவளையம் இடுக. றப்பருக்கு ஒவ்வாத எண்ணெய் அதனை ஊதச்செய்யும்; அதற்கென்றுள்ள கிறீசை மெல்லப் பூசுதல் போதும். போத்தலின் சொந்தச் சீராக்கியைத் தொடாது, பயின்றவரிடமே கொடுத்தல் நன்று.

பூட்டி முடித்தபின் வேகத்தை அளந்தன்றிக் களம் புகாதீர். எதிரே நிற்பவன் நம் நண்பன். அவன் கண்ணும் நம் பொறுப்பே.