பின்சீட்டுக்காரி

செவ்வாய்க்கிழமை காலை என் தலைக்கு ஆயிரம் ரூபாய் விலை போட்டார்கள். சிக்னலில் வண்டியை ஓரங்கட்டச் சொன்ன போலீஸ்காரர், என் வீட்டுக்காரரின் ஹெல்மெட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சார், நீங்க ஓகே. மேடம்தான்" என்றார். ஐம்பத்து மூன்று வயதில் ஸ்கூட்டர் கற்றுக்கொண்டதைப் பற்றித் தம்பட்டம் அடித்தவள் நான். அந்தப் பவிசெல்லாம் என் வண்டியில் போகும்போதுதான். இவர் வண்டியில் ஏறிவிட்டால் நான் பழையபடி பின்சீட்டுக்காரி. மடியில் பை, கொண்டையில் மல்லிகை, ஹெல்மெட் வீட்டு ஆணியில்.

நூறாக இருந்த இந்த அபராதம் நம் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் ஆயிரமாக உயர்ந்தபோது இதே பத்தியில் வரவேற்று எழுதியவள் நான். எந்த முகத்தோடு சண்டை போடுவது? கட்டிவிட்டேன். ராத்திரி சாப்பிடும்போது இவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே, "ஹெல்மெட் போட்டா தலைக்காயம் 69 சதவீதம் குறையுதாம்" என்று ரசத்தைப் பார்த்துச் சொன்னார். ரசம் பதில் சொல்லவில்லை. நானும்தான்.

இந்த வாரம் முழுக்க ஹெல்மெட்டைப் பற்றித்தான் எழுதுவதாக இருந்தேன். முழங்கையில் மாட்டிக்கொண்டு போகிறவர்கள், தாடைப் பட்டையைப் போடாமல் தொப்பி மாதிரி கவிழ்த்துக்கொள்கிறவர்கள், விழுந்து அடிபட்ட ஹெல்மெட்டையே மறுபடியும் போடுகிறவர்கள் (உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கினால் அதோடு சரி) என்று பட்டியல்கூடத் தயார். வியாழக்கிழமை தம்பி மகன் வந்து அதைக் கெடுத்துவிட்டான்.

புது வண்டி. சக்கரத்தில் நசுங்கிய எலுமிச்சம்பழத்தின் ஈரம்கூடக் காயவில்லை. "அத்தை, ஒரு ரவுண்டு வாங்க" என்றான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு (திருந்திவிட்டேன்) ஏறப் போனால் இடது பக்கம் கால் வைக்க இடமே இல்லை. பின்சக்கரம் மொட்டையாக நிற்கிறது. செயின் திறந்து கிடக்கிறது.

"சாரி கார்டு எங்கடா?"

"அது அசிங்கமா இருந்துச்சு அத்தை. டெலிவரி எடுத்த அன்னிக்கே மெக்கானிக்கிட்ட சொல்லிக் கழட்டிட்டேன்."

ஆயிரம் ரூபாய் எனக்கு மறந்தே போயிற்று.

நம் ஊர் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் செயின் இருப்பது இடது பக்கம். ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்காரும் பெண்ணின் கால்களும் கொசுவமும் தொங்குவதும் அதே பக்கம். இரண்டுக்கும் நடுவே இருக்கிற ஒரே காவல் அந்தக் கம்பித் தடுப்புதான். அதிலேயே கால் வைக்கவும் ஒரு தட்டு இருக்கும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதியைப் படித்துப் பாருங்கள். பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ள நிலையான கைப்பிடி, கால் வைக்கப் படி, அவருடைய துணி சிக்காமலிருக்கப் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு, மூன்றும் வேண்டும் என்கிறது. புடவை என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால் எழுதியவர் என்றைக்காவது மனைவியைப் பின்னால் வைத்து ஓட்டியவராகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

என் பெரியம்மா ஒருவர் இருந்தார். 1984-இல் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பெரியப்பாவின் புல்லட்டில் திரும்பிக்கொண்டிருந்தார். கும்பகோணம் சாலை, சாயங்கால வேளை, அரக்குப் பட்டு. முந்தானையை இழுத்துச் செருக மறந்திருந்தார். யாரோ பின்னால் இழுப்பது போல இருந்தது என்பார். திரும்பிப் பார்ப்பதற்குள் ரோட்டில் கிடந்தார். கழுத்தெலும்பு முறிந்தது. புடவையைச் சக்கரத்திலிருந்து பிரிக்க முடியாமல், பக்கத்து டீக்கடையில் கத்தி வாங்கி அறுத்துத்தான் எடுத்தார்கள். மீதித் துண்டு கிரீஸ் கறையோடு அவருடைய டிரங்குப் பெட்டியில் வெகுகாலம் இருந்தது. பெரியப்பா எத்தனை கெஞ்சியும் அவர் மறுபடி வண்டியில் ஏறவில்லை. பஸ்ஸில்தான் போனார், சாகும்வரை.

நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் பின்சக்கரம் ஒரு நொடிக்கு ஏறக்குறைய ஆறு சுற்று சுற்றும். நீங்கள் "ஐயோ" என்பதற்குள் முந்தானையில் மிச்சம் இருக்காது.

சுடிதார்க்காரிகள் சிரிக்க வேண்டாம். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவது நல்லதுதான், பாரம் நடுவில் நிற்கும், வேகத்தடையில் தூக்கிப் போடாது. ஆனால் துப்பட்டா? அது இருப்பது கழுத்தில். நடன உலகையே மாற்றிய இசடோரா டங்கன் 1927-இல் பிரான்ஸின் நீஸ் நகரத்தில் அப்படித்தான் செத்துப்போனார். கழுத்தில் சுற்றியிருந்த நீளமான பட்டுச் சால்வை கார்ச் சக்கரத்தில் சிக்கியது. துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிச்சுப் போட அரை நிமிஷம் ஆகாது. நானோ முந்தானையைச் செருகி ஒரு ஊக்கும் குத்திக்கொள்கிறேன், பெரியம்மா பேரைச் சொல்லி.

எனக்கு ஆற்றாமை என்னவென்றால், வண்டி ஓட்டுவதைப் பற்றிய புத்திமதியெல்லாம் ஓட்டுகிறவனுக்கே சொல்லப்படுகிறது. பிரேக் இப்படிப் பிடி, வளைவில் வேகத்தைக் குறை, கண்ணாடியைப் பார். பின்னால் உட்கார்ந்திருப்பவள் ஏதோ மூட்டை மாதிரி. அவளுக்குக் கண்ணாடி கிடையாது, பிரேக் கிடையாது, வரப்போகும் பள்ளம் தெரியாது. அவன் தோளைப் பிடித்தால் அவனோடு சேர்ந்து விழ வேண்டியதுதான். அவளுக்கென்று வண்டியில் இருப்பது ஒரு கைப்பிடி, ஒரு படி, ஒரு தடுப்பு. வண்டி வாங்கிய அன்றே அசிங்கம் என்று கழற்றப்படுவது அதுதான். பெட்ரோல் டேங்கில் புலிப் படம் ஒட்டியிருக்கிறானே, அது அழகாம்.

இவ்வளவையும் தம்பி மகனிடம் சொன்னேனா என்றால், இல்லை. "உங்கம்மாவை எப்படிடா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவ?" என்று மட்டும் கேட்டேன். தலையைச் சொறிந்தான். நான் ஏறவில்லை, அவன் மட்டும் ஒரு ரவுண்டு அடித்துவிட்டுக் காப்பி குடித்துப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு வந்து நின்றான். சாரி கார்டு மாட்டியிருந்தது. ஒரு போல்ட் தொலைந்துபோய், அந்த இடத்தில் வேறு அளவு போல்ட் போட்டிருந்தான். ஆட்டிப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருக்கிறது.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் வண்டியின் இடது பக்கத்தைப் போய்ப் பாருங்கள். வெறும் போல்ட் ஓட்டைகள் மட்டும் தெரிந்தால், கம்பி பரணில்தான் கிடக்கும். எடுத்து மாட்டிவிடுங்கள்.