திரையை இழுத்து விடுங்க சார்!

2022 டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டரை மணி. உலகக் கோப்பை ஃபைனல். அர்ஜென்டினாவும் ஃபிரான்ஸும். மனைவி ஊருக்குப் போயிருந்ததால் என் வீட்டு ஹால் தற்காலிக ஸ்டேடியம் ஆகியிருந்தது. நாலு பேர். ஒரு தட்டு மிக்ஸர், ஒரு தட்டு வெள்ளரிக்காய். எங்கள் செட்டில் 'ஆடிட்டர்' என்று அழைக்கப்படும் நண்பன் (சி.ஏ. இன்டர் இரண்டாவது குரூப்பை ஆறு முறை எழுதியதற்காக நாங்களே வழங்கிய பட்டம்) பேப்பரில் சுற்றி மூன்று பீர் பாட்டில்கள் கொண்டு வந்திருந்தான். மூன்றும் அவனுக்கே.

"பீர் இல்லாத ஃபுட்பால், மேளம் இல்லாத கல்யாணம்டா!"

இடைவேளையில் அர்ஜென்டினா 2-0. ஆடிட்டர் மூன்றாவது பாட்டிலில் இருந்தான். 75-வது நிமிஷம் வாக்கில் என் தலையணையைக் கட்டிக்கொண்டு சாய்ந்தான். 80-வது நிமிஷம் எம்பாப்பே ஒரு கோல். மூச்சு விடுவதற்குள் இன்னொன்று. 97 விநாடிக்குள் ரெண்டு! மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து கதவைத் தட்டும் அளவுக்குக் கத்தினோம். ஆடிட்டர் அசையவில்லை. எக்ஸ்ட்ரா டைம், பெனால்ட்டி எல்லாம் முடிந்து மெஸ்ஸி கோப்பையைத் தூக்கும்போதுதான் எழுந்து உட்கார்ந்தான்.

"நான் அப்பவே சொன்னேன்ல... ரெண்டு - சைபர்!"

மூணு - மூணு, பெனால்ட்டியில் நாலு - ரெண்டு என்று சொன்னோம். நம்பவில்லை. ரீப்ளே காட்டினோம். "இது ஏதோ பழைய மேட்ச்" என்றான். காசு கொடுத்து வாங்கிய பீர், ஓசியில் காட்டிய மேட்ச்சைத் தின்றுவிட்டது!

அன்றைக்கு கத்தாரில் கேலரியில் உட்கார்ந்திருந்த யாருக்கும் இந்தக் கதி நேர்ந்திருக்காது. அங்கே பீர் கிடையாது. போட்டி தொடங்க இரண்டே நாள் இருக்கும்போது, நவம்பர் 18-ம் தேதி, 'ஸ்டேடியத்தில் பீர் விற்கப்படாது' என்று அறிவித்தார்கள். பல கோடி டாலர் கொடுத்து ஸ்பான்ஸர் ஆகியிருந்த பட்வைஸர் கம்பெனி, 'இது கொஞ்சம் சங்கடமாத்தான் இருக்கு' என்கிற மாதிரி ட்விட்டரில் போட்டுவிட்டு, சற்று நேரத்தில் அதையும் அழித்துவிட்டது. ஃபிஃபா தலைவர் இன்ஃபான்டினோ, மூன்று மணி நேரம் பீர் குடிக்காவிட்டால் யாரும் செத்துப்போக மாட்டீர்கள் என்ற தோரணையில் பேசினார். நியாயமான பேச்சு. ஆனால் ஒரு சின்ன விஷயம்... அதே ஸ்டேடியத்தில், பெரும் விலை டிக்கெட்காரர்கள் உட்காரும் சொகுசு அறைகளில் மது தாராளமாகக் கிடைத்தது. சாமானிய ரசிகன் வெளியே ரசிகர் திடலுக்குப் போய் அரை லிட்டர் பீரை 50 ரியாலுக்கு, அதாவது நம் கணக்கில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்துக் குடிக்கலாம்.

ஆக, குடித்தால் கலாட்டா செய்வான் என்கிற சந்தேகம் டிக்கெட் விலையைப் பொறுத்தது!

இங்கிலாந்துக்காரர்கள் இந்த விஷயத்தில் ஒரு படி மேல். அங்கே 1985-ல் ஒரு சட்டம் போட்டார்கள். பெரிய ஃபுட்பால் போட்டிகளில், மைதானம் கண்ணில் படும் இடத்தில் மது கையில் இருக்கக்கூடாது. ஸ்டேடியத்துக்குள்ளேயே பார் உண்டு. அங்கே நின்று குடிக்கலாம். டம்ளரோடு ஸீட்டுக்கு வந்தால் குற்றம். பணக்கார பாக்ஸ்களையும் விடவில்லை. ஆட்டம் தொடங்க 15 நிமிஷம் முன்பிலிருந்து முடிந்து 15 நிமிஷம் வரை, பந்து தெரிகிற அறையில் மது கூடாது. 'தெரிகிற' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். இடைவேளையில் பாட்டிலைத் திறக்கணுமா? திரையை இழுத்து மூடு! பந்து தெரியவில்லை, எனவே குற்றமும் இல்லை. நம்ம ஊரில் மாமனார் எதிரில் மறைத்துவிட்டு, மொட்டை மாடியில் பற்றவைக்கும் மாப்பிள்ளைகளுக்குச் சட்டம் எழுதச் சொன்னால் இப்படித்தான் எழுதுவார்கள்.

இதே சட்டம் ரக்பிக்குக் கிடையாது. கிரிக்கெட்டுக்கும் கிடையாது. லார்ட்ஸ் மைதானத்தில் காலையிலிருந்து மாலை வரை குடித்துக்கொண்டே டெஸ்ட் மேட்ச் பார்க்கலாம். அவர்கள் கனவான்கள்.

நான் பி.காம். ஆகவே எனக்குக் கண்ணில் உறுத்துவது வரவு-செலவுப் பக்கம். 1992 முதல் 2010 வரை லிவர்பூல் ஆட்டக்காரர்கள் நெஞ்சில் கார்ல்ஸ்பெர்க் என்ற பீர் பெயரைச் சுமந்துதான் ஓடினார்கள். 1993 முதல் 2001 வரை பிரீமியர் லீக்குக்கே கார்லிங் என்ற பீர்தான் ஸ்பான்ஸர். கேலரியில் இருப்பவன் 90 நிமிஷமும் பீர் பெயரைப் பார்க்கலாம், கத்தலாம், பனியனாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். குடிக்க மட்டும் கூடாது!

சரி, சட்டம் சும்மா வரவில்லை. 1980 மே 10-ம் தேதி கிளாஸ்கோவில் செல்டிக் - ரேஞ்சர்ஸ் ஸ்காட்டிஷ் கோப்பை ஃபைனல் முடிந்ததும் இரு தரப்பும் மைதானத்துக்குள் இறங்கி பாட்டிலும் கல்லுமாக அடித்துக்கொண்டார்கள். குதிரைப் போலீஸ் பாய வேண்டியிருந்தது. அந்த வருஷமே ஸ்காட்லாந்து கேலரியில் மதுவைத் தடை செய்தது. 1985 மே 29-ல் பிரஸ்ஸல்ஸில் லிவர்பூல் ரசிகர்கள் யுவென்டஸ் ரசிகர்கள் மீது பாய, சுவர் இடிந்து 39 பேர் செத்தார்கள். அதற்கப்புறம்தான் இங்கிலாந்து சட்டம். அரசாங்கம் ஏதாவது செய்தாக வேண்டிய நேரம். பீர் கையில் அகப்பட்டது.

ஆனால் அதே 1980-ல், ஆகஸ்ட் 16-ம் தேதி, கல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் மேட்ச்சில் 16 ரசிகர்கள் செத்தார்கள். அங்கே யாரும் பீர் மேல் பழி போடவில்லை. மைதானத்தில் ரெண்டு பேருக்குச் சிவப்பு அட்டை. கேலரியில் ரெண்டு கட்சிக்காரர்களையும் ஒன்றாகக் கலந்து உட்கார வைத்த புத்திசாலித்தனம். போதாதா?

இனி சொல்லப் போவதில் நகைச்சுவை இல்லை. 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூல் ரசிகர்களைப் போலீஸ் ஒரு கேட்டைத் திறந்து ஏற்கெனவே நிரம்பி வழிந்த கம்பிக்கூண்டுக்குள் விட்டது. நசுங்கிச் செத்தவர்கள் கடைசிக் கணக்கில் 97 பேர். உடனே ஒரு கதை கிளம்பியது. குடிகார ரசிகர்கள்தான் காரணமாம்! செத்தவர்களின் உடம்பில் ரத்தம் எடுத்து ஆல்கஹால் அளவு பார்த்தார்கள். குழந்தைகளுக்கும். அங்கே செத்தவர்களில் இளையவனுக்கு 10 வயது. குடிதான் காரணம் என்பதற்கு ஆதாரமே இல்லை என்று சுயேச்சைக் குழு 2012-ல் சொன்னது. ரசிகர்கள் மீது தப்பில்லை என்று ஜூரி 2016-ல் தீர்ப்பளித்தது. 27 வருஷம்! பிள்ளையைப் பறிகொடுத்த அப்பா அம்மாக்கள், 'அவன் குடிச்சிருக்கலை' என்று 27 வருஷம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 'குடிகாரன்' என்ற ஒரு வார்த்தை போதும், போலீஸ், கேட், கூண்டு எதைப் பற்றியும் அப்புறம் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

அதற்காக, திறந்து விடுங்கள் சார் எல்லாக் கடையையும் என்று நான் சொல்லவில்லை. ஸ்டேடியத்தில் மது கூடாது என்றிருந்த பிரேஸில் நாட்டை, 2014 உலகக் கோப்பைக்காகச் சட்டத்தை வளைக்க வைத்தது ஃபிஃபா. போட்டி நடக்கும்போது, இதற்காக முன்னால் நின்று அடம் பிடித்த அதே ஃபிஃபா அதிகாரியே 'இவ்வளவு பேர் குடிச்சிருக்காங்களே!' என்று ஆச்சரியப்பட்டார். கத்தாரில் மறுபக்கம்: இங்கிலாந்து, வேல்ஸ் ரசிகர்களில் கைதானவர்கள் பூஜ்யம். பீர் இல்லாததால் மட்டுமா, அவ்வளவு செலவு செய்து போகக்கூடியவர்கள் மட்டுமே போனதாலும்தானா... ரெண்டும் இருக்கும்.

என்னைக் கேட்டால், பிளாஸ்டிக் டம்ளரில் ஆளுக்கு ரெண்டு, ஸீட்டிலேயே உட்கார்ந்து நிதானமாகக் குடிக்கட்டும்; குழந்தைகளோடு வருபவர்களுக்குத் தனி கேலரி, அங்கே சுத்தமாகக் கூடாது. இடைவேளை 15 நிமிஷத்தில் ரெண்டு டம்ளரை மடக் மடக்கென்று கொட்டிக்கொண்டு ஓடி வருபவனைவிட இவன் எவ்வளவோ தேவலை. 2021-ல் இங்கிலாந்து அரசுக்காக நடந்த ஆய்வுக் குழுவும், கீழ்மட்ட லீகுகளில் இதைச் சோதித்துப் பார்க்கச் சொன்னது.

ஆனால் இவ்வளவும் அந்த 90 நிமிஷத்தைப் பற்றிய சண்டை. மான்செஸ்டரின் ரெண்டு பெரிய டீம்களும் ஆடிய நாட்களையும், போலீஸுக்கு வந்த குடும்பச் சண்டைப் புகார்களையும் சேர்த்து வைத்து ஆராய்ந்தார்கள், 2021-ல் வெளியானது. மேட்ச் நடக்கும்போது வீட்டில் அடி உதை குறைகிறதாம். ஐயா பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் இல்லையா! முடிந்த பிறகு ஏற ஆரம்பித்து, சுமார் பத்து மணி நேரம் கழித்து உச்சத்துக்குப் போகிறது. ஏறுவது முழுக்க, குடித்தவர்கள் செய்வது. மத்தியான மேட்ச்சாக இருந்தால் மோசம். அதற்கப்புறம் குடிக்க முழுப் பொழுதும் பாக்கி இருக்கிறதே. முன்பு லங்காஷயர் போலீஸ் கணக்கை வைத்து இன்னொரு ஆய்வு: உலகக் கோப்பையில் இங்கிலாந்து தோற்ற நாளில் இத்தகைய புகார்கள் 38 சதவிகிதம் அதிகம். ஜெயித்தாலோ டிரா ஆனாலோ? 26 சதவிகிதம் அதிகம்!

இதைப் படித்தபோது எனக்கு ஒரு ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முன் நான் குடியிருந்த ஒண்டுக்குடித்தனத்தில் பக்கத்துப் போர்ஷன் அக்கா, காலையில் தண்ணீர் பிடிக்க வரும்போது என்னிடம் கேட்பார்: "தம்பி, இன்னிக்கு மேட்ச் இருக்கா?"

ஃபுட்பால் இல்லை, கிரிக்கெட்தான். இருக்கு என்றால், "எத்தனை மணிக்கு முடியும்?" என்பார். நானும் உற்சாகமாக டாஸ், பிட்ச், யார் ஓப்பனிங் என்று அளப்பேன். ஒரு பெண்மணிக்கு விளையாட்டில் இவ்வளவு ஆர்வமா என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். மேட்ச் நாட்களில் அவர் சாயங்காலமே ரெண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பிப் போவது ஏன் என்று, அந்த வீட்டைக் காலி செய்யும் வரை எனக்கு உறைக்கவில்லை.