தாய்க்குத் துணை நிற்பவர் யார்?

பிள்ளையை வீட்டிலேயே பெறலாமா, அதற்கென ஒரு மருத்துவிச்சியை நாமே தெரிந்து அமர்த்திக்கொள்ளலாமா என்று கேட்கும் தாய்மாரை அறியாதவர்கள் என்று தள்ளிவிட நாம் விரும்பவில்லை. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஊர்களில் வாழும் ஒரு பெண் இக்கேள்வியைக் கேட்பதற்கு நியாயங்கள் உள. வலி கண்ட வேளையில் முன்பின் அறியாத முகங்களுக்கு நடுவே தனித்துக் கிடக்க அவள் அஞ்சுகிறாள். தாயும் கணவனும் வாயிற்புறத்தில் நிற்க, தன் மொழி அறியாத ஒருவர் இடும் கட்டளை விளங்காது விழிக்க நேருமோ என்று அஞ்சுகிறாள். தன்னை அறிந்த, தான் நம்பும் ஒருத்தி அருகில் இருக்கவேண்டும் என்பதே அவள் கேட்பது. அது பேராசையன்று, உரிமை.

ஆயினும், உரிமையைப் பேசுவோர் உண்மையையும் பேசவேண்டும். எமது பாட்டிமார் எல்லோரும் வீட்டிலேதான் பெற்றார்கள் என்று பெருமை பேசுவோர், பெற்றவர்களுள் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. 1930 ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஓர் இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் மாண்டனர். அன்றும் கைராசிக்காரி என்று பெயரெடுத்த மருத்துவிச்சிகள் இருந்தார்கள்; நெல்லும் சேலையும் கொடுத்து அவர்களை ஊரார் போற்றினார்கள். குருதிப்பெருக்கையும் வலிப்பையும் பேறுகாலக் காய்ச்சலையும் கைராசி தடுக்கவில்லை.

நிலைமையை மாற்றியது எது? 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கப்பட்டது. பயிற்றப்பட்ட மருத்துவமாது ஊருக்குள் வந்தாள். கர்ப்பவதியின் வீட்டுப் படியேறினாள். இடர் காணின் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். இலவச வைத்தியமும், பெண் கல்வியும், மலேரியா ஒழிப்பும் அவளுக்குத் துணை நின்றன. இன்று தாய்மார் மரணம் இலட்சத்துக்கு ஏறத்தாழ முப்பது என்ற அளவில் நிற்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவங்களுக்கு மேல் வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன. இந்த வெற்றியைக் கைநழுவ விடும்படி எவர் சொன்னாலும் நாம் இணங்கோம்.

அங்ஙனமாயின் வெளிநாடுகளில் தாய்மார் தம் மருத்துவிச்சியைத் தாமே தெரிவதில்லையா என்று கேட்கலாம். தெரிகிறார்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1994 முதல் மருத்துவிச்சித் தொழில் சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்டு, அரசுப் பணத்தில் நடைபெறுகிறது. அங்கு குடியேறிய எம்மவரின் மகள் ஒருத்தி வீட்டிலோ வைத்தியசாலையிலோ தன் மருத்துவிச்சியின் கையில் பிள்ளை பெறலாம். நியூசிலாந்து 1990 இல் மருத்துவிச்சிகளுக்குத் தனித்து இயங்கும் அதிகாரத்தை வழங்கியது. ஆனால் அம் மருத்துவிச்சி தனித்தவள் அல்லள். வைத்தியசாலைக் கதவு அவளுக்குத் திறந்திருக்கும். அழைத்தால் வண்டி வரும். இரத்த வங்கி உண்டு. அவ்வளவு வசதியுள்ள இங்கிலாந்தில், இடரற்ற கர்ப்பவதிகளிடையே நிகழ்ந்த ஆய்வொன்று 2011 இல் வெளியாயிற்று. முதற் பிள்ளையை வீட்டில் பெற முனைந்தோரின் குழந்தைகளுள் ஆயிரத்துக்கு ஒன்பதளவில் மரணமோ கடும் ஊறோ நேர்ந்தது. வைத்தியசாலைப் பிரிவுகளில் ஐந்தளவிலேயே நேர்ந்தது. முன்னர் பெற்றவர்களிடத்தில் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. முதற்பேறு, இரட்டைப் பிள்ளை, முன்னர் சத்திரசிகிச்சை, உயர் குருதியமுக்கம், நீரிழிவு, குருதிச்சோகை ஆகியவற்றுள் ஒன்றேனும் இருப்பின் வீட்டுப் பிரசவம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எமது நாட்டிலோ தனி மருத்துவிச்சியின் பின்னால் நிற்க அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை. ஆகவே ஒருத்தியை நாடுவோர் விதைநெல்லைக் கையிலெடுத்து ஊதிப் பார்க்கும் கமக்காரனைப்போல் சோதித்துப் பார்க்கவேண்டும். 1927 ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மருத்துவிச்சிகளுக்கெனப் பதிவேடு உண்டு. அதில் உமது பெயர் உளதா என்று கேளுங்கள். சான்றிதழைக் கண்ணாற் காணுங்கள். குருதி பெருகினால் என்ன ஊசி வைத்திருக்கிறீர், மூச்செடுக்காத குழந்தையை எவ்வாறு எழுப்புவீர், எந்த நிலையில் "இனி என்னால் ஆகாது, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று சொல்வீர், நள்ளிரவில் வாகனம் யாருடையது என்று கேளுங்கள். "எனக்கு ஒரு நாளும் பிழைத்ததில்லை" என்று விடை கூறுபவளை வணங்கி அனுப்பிவிடுங்கள். இன்னுமொன்று: வீட்டுப் பிறப்பைக் கிராம அலுவலருக்கு உடன் அறிவித்துப் பதிவு செய்யவேண்டும். பிறப்புச் சான்றிதழ் இன்றி எம்மக்கள் பட்ட பாட்டை நீதிமன்ற வாயில்களில் கண்டவர்கள் நாம்.

வாகனம் என்ற கேள்வி இம்மாவட்டத்தில் சிறு கேள்வியன்று. கொட்டியாரக் குடாவும் மகாவலியின் கிளைகளும் எம் ஊர்களைத் துண்டு துண்டாக வெட்டி வைத்துள்ளன. கிண்ணியாப் பாலம் 2009 இல்தான் திறக்கப்பட்டது. 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில், பாலவேலை முடியாத நிலையில், மிதவைப்பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் மாண்டதை யார் மறப்பார்? 2006 இல் துரத்தப்பட்டுப் பல ஆண்டுகளின் பின் மீண்ட சம்பூர் மக்களையும், வெருகல், ஈச்சிலம்பற்றுக் கமக்காரரையும் நோக்கி "ஆஸ்பத்திரிக்கு வா" என்று மட்டும் சொன்னாற் போதுமா? ஆஸ்பத்திரிக்கு முன்னர் மருத்துவமாது அவர்களிடம் போகவேண்டும்.

இங்கேதான் அரசியல் வருகிறது. தமிழிலே பிரசவ வைத்தியம் இயலாதென்று எவரும் சொல்லவேண்டாம். மானிப்பாயிலே வைத்தியம் கற்பித்த அமெரிக்க மிசனரி வைத்தியர் கிறீன் 1857 இலேயே ஆங்கிலப் பிரசவ வைத்திய நூலொன்றைத் தமிழில் வெளியிட்டார். வடக்கு கிழக்கில் நிருவாக மொழி தமிழே என்று அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை கூறுகிறது. பிரசவ அறைக்குள் அவ்வுறுப்புரை நுழையாதென்று யார் தீர்ப்பளித்தது? 1987 இன் பதின்மூன்றாந் திருத்தமோ மகப்பேற்று மனைகளை மாகாண சபையின் அதிகாரப் பட்டியலில் பெயர் சொல்லியே குறித்துள்ளது. அச்சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிவுற்றது. அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடத்தப்படவில்லை. கர்ப்பவதியின் குறையைக் கேட்கவேண்டிய சபை பூட்டிக் கிடக்க, அதிகாரம் ஆளுநரின் மேசையில் தேங்கிற்று.

நாம் கேட்பன அதிகமல்ல. ஒவ்வொரு பிரிவிலும் அவ்வூர்த் தாய்மாரின் மொழி பேசும் மருத்துவமாது ஒருத்தி குடியிருக்கவேண்டும். அவளுக்கு விடுதியும், இரவிற் செல்ல வாகனமும் எரிபொருளும் வேண்டும். தாய் விரும்பும் பெண்ணொருத்தி பிரசவ அறையில் உடனிருக்க இடமளிக்கவேண்டும். உலக சுகாதார நிறுவனம் இதனை 2018 இல் விதந்துரைத்துள்ளது. தன்னைக் கவனித்த மருத்துவமாதே வலி நேரத்திலும் வைத்தியசாலையில் அருகில் நிற்கத் தாய் கேட்பாளாயின், அதற்கும் விதி வகுக்கவேண்டும்.

வரவுசெலவுத்திட்ட விவாதத்தில் எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் எழுந்து, திருகோணமலை மாவட்டத்தில் மருத்துவமாது இல்லாத பிரிவுகள் எவை, இருப்பவர்களுள் தமிழ் அறிந்தோர் எத்தனை பேர் என்ற கணக்கை ஊர் ஊராகக் கேட்டுப் பெறவேண்டும். அமைச்சர் தரும் விடையை ஒரு சொல்லும் குறையாது இவ்வேட்டில் வெளியிடுவோம்.